வீரர்களைப் பயப்பட விடாதவள்

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். வாசிப்பக்காவுக்கு இருட்டு கூடத் தேவையில்லை. பட்டப்பகலில் நாலு பேர் நடுவே உட்கார்ந்திருக்கும்போது போன் மணி அடித்தால் போதும், அடிவயிற்றில் ஏதோ அறுந்து விழும். வீட்டுக்காரர் ஓட்டும் லாரி எங்கோ கவிழ்ந்துவிட்டது என்றே முடிவு கட்டிவிடுவாள். எடுத்துப் பார்த்தால் யாரோ ஒருவன் தவணையில் மெத்தை வேண்டுமா என்று கேட்டுக்கொண்டிருப்பான். வேண்டாம் என்று சொல்லவும் பயம். அவன் பேசி முடித்து அவனாக வைக்கும்வரை காதில் பிடித்துக்கொண்டே நிற்பாள்.

வீட்டுக்காரர் அவளுக்கு வைத்த பெயர் தொடைநடுங்கி. கல்யாணமான புதிதில் அது கொஞ்சலாக இருந்தது. வருஷங்கள் போகப்போக ரேஷன் அட்டையில் ஏறாத குறையாக நிலைத்துவிட்டது.

அவளுக்குப் பயம் வராத இடம் ஒன்றே ஒன்றுதான். அடுத்தவர் எழுதிய வரியை உரக்கப் படிக்கும்போது அவள் குரல் வேறு யாருடையதோ போல ஆகிவிடும். நிதானமாக, கணீரென்று, எங்கே மூச்சு விட வேண்டுமோ அங்கே விட்டு.

அந்தக் குரல்தான் அவளுக்குச் சோறு போட்டது. அவள் வேலை பார்த்தது சட்டைகள் தைக்கும் கம்பெனியில். கீழ்த்தளத்தில் மெஷின்கள் இரையும். மேல்தளத்தில் எல்லாம் கைவேலை. பிசிறு நூல் வெட்டுவது, பட்டன் தைப்பது, இஸ்திரி போடுவது, மடித்து அட்டை வைத்துப் பெட்டியில் அடுக்குவது. அவள் நூல் வெட்டத்தான் வந்தாள். பயத்தில் விரல் நடுங்கி, நூலோடு சேர்த்துத் துணியையும் வெட்டினாள். முதல் வாரத்திலேயே நாலைந்து சட்டைகள் பாழ். சூப்பர்வைசர் கணக்கு முடிக்கச் சொன்ன அன்றைக்கு, மதிய இடைவேளையில் யாரோ கொண்டுவந்திருந்த வார இதழை எடுத்துப் படித்துக்காட்டினாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களின் கை வாய்க்குப் போகாமல் நின்றது. மறுநாளே பெண்கள் கூடிப் பேசி ஒரு ஏற்பாட்டுக்கு வந்தார்கள். அவள் பங்கு நூலை மற்றவர்கள் பிரித்து வெட்டிவிடுவார்கள். அவள் வேலை நேரம் முழுக்கப் படிக்க வேண்டியது. கதை ஓடினால் வம்பளப்பு நின்று கை வேகமாக ஓடுகிறது என்று கண்ட சூப்பர்வைசரும் பாதிக் கண்ணை மூடிக்கொண்டார். அவள் பெயர் வாசிப்பக்கா ஆனது.

எந்தக் கதை என்பதில்தான் சண்டை. அந்தத் தளத்தில் இருந்த ஒரே ஆண் இஸ்திரிக்காரர். அவருக்கு மாயக்கதை வேண்டும். பட்டன் தைக்கும் வரிசையின் தலைவி பட்டனம்மா. அவருக்குச் சரித்திரக்கதைதான் கதை. மற்றதெல்லாம் குழந்தைக்கு நிலா காட்டுவது. கடைசியில் காலையில் மாயம், மதியத்துக்கு மேல் சரித்திரம் என்று பிரித்துக்கொண்டார்கள்.

அந்த மாதம் காலையில் ஓடியது ஒரு மீன்காரன் மகனின் கதை. கடலடியில் ஒரு பூதம் ஊர்க்காரர்களின் குரல்களைத் திருடிச் சங்குகளில் அடைத்து வைத்திருக்கிறது. பையன் பேசும் ஈட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு மீட்கப் போகிறான். மதியம் ஓடியது ஒரு பல்லக்குத் தூக்கியின் கதை. கோட்டையைச் சுற்றி எதிரிப்படை. அவன் ஒருவன் மட்டும் பாசறையின் நடுவே புகுந்து போய் ஆற்றின் மதகைத் திறந்துவிட வேண்டும்.

"எங்க பையன்தான் தைரியசாலி," என்றார் இஸ்திரிக்காரர், சட்டைக் காலரில் தண்ணீர் தெளித்துக்கொண்டே. "பூதம் எவ்வளவு பெருசுன்னு யாருக்குமே தெரியாது. தெரியாததை எதிர்த்துப் போறதுதான் தைரியம்."

"பேசற ஈட்டியைக் கையில குடுத்தா நான்கூடத்தான் போவேன்," என்றார் பட்டனம்மா. "எங்காளு வெறுங்கையோட போறான்யா. பல்லக்குத் தூக்கித் தூக்கித் தோள் காய்ச்சதுதான் அவனுக்கு மிச்சம்."

"உங்காளு கதை எப்பவோ முடிஞ்சுபோன கதை. சரித்திரம்னாலே முடிவு தெரிஞ்சதுதானே? முடிவு தெரிஞ்சு போறவனுக்கு என்ன பயம்?"

"முடிவு உனக்கும் எனக்கும் தெரியும்யா. அவனுக்குத் தெரியுமா?"

இஸ்திரிக்காரர் பெட்டியை ஓங்கி அழுத்தினார். ஆவி புஸ்ஸென்று வந்தது.

வாசிப்பக்கா இந்தச் சண்டையில் எந்தப் பக்கமும் சேரமாட்டாள். சேர அவளுக்கு வாயில்லை. ஏனென்றால் இரண்டு கதைகளிலும் அவள் ஒரு திருட்டுத்தனம் செய்துவந்தாள். வீரன் பயப்படும் இடம் வந்தால் அதைப் படிக்காமல் தாண்டிவிடுவாள். கண் முன்னால் ஓடி, நடுக்கம், வியர்வை, ஓட்டம் போன்ற வார்த்தைகளை மோப்பம் பிடித்துவிடும். பக்கத்தைப் புரட்டுவதுபோலப் புரட்டி, அவன் திடமாக நிற்கும் இடத்தில் வந்து சேர்ந்துகொள்வாள். அந்த வரிகளைப் படித்தால் மட்டும் அவள் குரல் பழைய குரலாகிவிடும். நடுங்கும். கேட்பவர்கள், இது கதையில் வருகிற பயம் இல்லை, இவளுடைய பயம் என்று கண்டுபிடித்துவிடுவார்கள் என்று அவளுக்குப் பயம்.

இப்படியாக அந்தத் தளத்தில் இரண்டு வீரர்கள் பயமென்றால் என்னவென்றே தெரியாமல் வளர்ந்தார்கள்.

ஒரு காலை, மீன்காரன் மகன் சங்குக் குகைக்குள் கால் வைத்த நேரத்தில், இஸ்திரி மேஜையின் வயர் பொசுங்கியது. முதலில் வாடை வந்தது. பிறகு கரும்புகை. முன்படிக்கட்டு அந்தப் பக்கம்தான். அதனால் எல்லோரும் பின்கதவுக்கு ஓடினார்கள். கதவு பூட்டியிருந்தது. சட்டைகள் திருட்டுப்போகின்றன என்று சில மாதமாகவே பூட்டி, சாவியைச் சூப்பர்வைசர் வைத்திருந்தார். அவர் டீ குடிக்கப் போயிருந்தார். முதலில் ஓடியவள் வாசிப்பக்கா. அவளுக்குப் பின்னால் வந்தவர்களின் பாரம் முழுக்க அவள்மேல். கன்னம் இரும்புத் தகட்டில் அழுந்தியது. மூச்சை இழுத்தாள், வரவில்லை. யாருடைய வளையலோ அவள் முதுகில் குத்தியது. யாரோ "அம்மா, அம்மா" என்று கத்தினார்கள். அது தன் குரல்தான் என்று அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது.

இஸ்திரிக்காரர் வயரைப் பிடுங்கி ஈரச்சாக்கைப் போட்டு அமுக்கிவிட்டார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கொஞ்ச நேரம் இருமினார்கள், கொஞ்ச நேரம் அழுதார்கள், பிறகு வேலைக்கு உட்கார்ந்தார்கள். சூப்பர்வைசர் வந்து ஜன்னல்களைத் திறந்துவிட்டார். கதவைத் திறக்கவில்லை.

அன்றிலிருந்து வாசிப்பக்கா கதவுக்கு முதுகைக் காட்டி உட்காருவதில்லை. படித்துக்கொண்டே அரைக்கண்ணால் அந்தப் பூட்டைப் பார்ப்பாள்.

சில நாள் கழித்துச் சூப்பர்வைசர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். "உக்காரும்மா," என்றார். அவர் யாரையும் உட்காரச் சொல்லி அவள் கேட்டதில்லை.

"நாளன்னைக்கு ஆய்வுக்கு ஒரு அதிகாரி வர்றாங்க. போன தடவையே தொழிலாளி ஒருத்தரைக் கூப்பிட்டுக் கேட்டாங்க. இந்தத் தடவை உன்னைத்தான் முன்னாடி நிறுத்தப்போறேன்."

"என்னையா? எனக்குப் பேச வராது சார்."

"நாள் பூரா பேசிக்கிட்டுத்தானே இருக்க?"

"அது படிக்கிறது சார்."

"இதையும் படிக்கிறதா நினைச்சுக்கயேன். ஒரே வரி. 'வேலை நேரத்துல பின்கதவு எப்பவும் திறந்துதான் இருக்கும்.' எங்க, சொல்லு பாப்போம்."

அவள் சொன்னாள். அவளையறியாமல், கணீரென்று, "எப்பவும்" என்ற சொல்லுக்குப் பிறகு ஒரு சின்ன மூச்சு விட்டுச் சொன்னாள்.

"பாத்தியா! ரேடியோ தோத்துச்சு போ."

"அன்னைக்குப் புகை வந்தப்போ சார்..."

அவர் முகத்திலிருந்து சிரிப்பு இறங்கியது. "அன்னைக்கு யாருக்காவது ஏதாவது ஆச்சா? இல்லல்ல? சட்டை காணாமப் போனா முதலாளி யார் சம்பளத்துல பிடிக்கிறாரு தெரியுமா? எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கும்மா." அவர் கையும் மேஜைமேல் ஓர் இடத்தில் நிற்காமல் நகர்ந்துகொண்டிருந்தது. அவரும் பயந்தவர்தான் என்று அவளுக்குப் புரிந்தது; அது அவள் பயத்தைக் குறைக்கவில்லை, இரட்டிப்பாக்கியது. "நான் பாதிக் கண்ணை மூடிக்கிட்டு இருக்கறதாலதான் உன் வாசிப்பு ஓடுது. முழுக் கண்ணையும் திறக்க வச்சிராத."

மாடிக்குத் திரும்பியபோது அங்கே ஒரே இரைச்சல். அவள் வரத் தாமதமானதால் பட்டனம்மா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, சரித்திரக்கதையைத் தானே எடுத்து எழுத்துக்கூட்டிப் படித்திருக்கிறார். அடையாளம் தெரியாமல், நேற்று படித்து முடித்த பக்கத்தையே திறந்துவிட்டார்.

"வாடி வா," என்றார். "பல்லக்குத் தூக்கி ராத்திரி நல்லாத் தூங்கி எழுந்து விடியக்காலம் கிளம்பினான்னு நேத்துப் படிச்சியா இல்லையா?"

"படிச்சேன்கா."

"இங்க பாரு. வைக்கோல்போருக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டு அழுதிருக்கான். வாயில துணியைத் திணிச்சுக்கிட்டு அழுதிருக்கான். நீ எங்கடி அதை முழுங்கின?"

இஸ்திரிக்காரர் சந்தேகத்தோடு மாயக்கதையை எடுத்துப் புரட்டினார். கொஞ்ச நேரம் வாய்க்குள் முணுமுணுத்துப் படித்தார். பிறகு நிமிர்ந்தார். "எங்க பையன் குகை வாசல்ல வேட்டியை நனைச்சிருக்கான்!"

தளமே சிரித்தது. வாசிப்பக்கா சிரிக்கவில்லை. பேயறைந்ததுபோல நின்றாள்.

"ரெண்டு பேரையும் நீ பயப்படவே விடலையே, அக்கா," என்றாள் மடிப்பு மேஜைக்காரி. "பாவம், ஒண்ணுக்குக்கூடப் போகவிடாம வச்சிருந்திருக்க."

"அந்த மாதிரி இடம் வந்தா என் குரல் நடுங்குது," என்றாள் வாசிப்பக்கா. "நீங்கல்லாம் சிரிப்பீங்க."

"இப்ப மட்டும் சிரிக்காமலா இருக்கோம்?" என்றார் பட்டனம்மா. புத்தகத்தை அவள் கையில் திணித்தார். "உக்காரு. முழுங்கினதையெல்லாம் கக்கு."

அவள் படித்தாள். வைக்கோல்போரை முதலில், குகைவாசலை அடுத்து. குரல் நடுங்கியது. வரி நடுவே மூச்சு தப்பியது. ஒரு வார்த்தையை இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. ஆனால் சிரிப்பு நின்றுபோயிருந்தது. இஸ்திரிக்காரர் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

முடிந்ததும் பட்டனம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "யோவ், அந்த நேரத்துல உன் ஈட்டி என்ன சொல்லுச்சு?"

"ஒண்ணும் சொல்லலை," என்றார் இஸ்திரிக்காரர். "அந்த ஒரு ராத்திரி வாயே திறக்கலை."

"அப்ப ரெண்டு பேரும் வெறுங்கைதான்."

"பயப்படறது வரைக்கும் ஒண்ணுதான் போல. அதுக்கப்புறம்தான் வேற வேற. எங்காளு ஜெயிச்சா கடலே எழுந்து நின்னு வழி விடும். உங்காளு மதகைத் திறந்தா என்ன கிடைக்கும்?"

"அவன் பேரைக்கூட எழுதி வைக்கமாட்டாங்க," என்றார் பட்டனம்மா. கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்.

வாசிப்பக்கா கேட்டுக்கொண்டிருந்தாள். தனக்கு வழிவிட எந்தக் கடலும் இல்லை. தன் கதை எப்படி முடியும் என்று முன்கூட்டியே தெரிந்துவைத்திருக்கும் வாசகரும் இல்லை. இருப்பது ஒரு வரி. அதை அழகாகச் சொல்லிவிட்டால் வாசிப்பு பிழைக்கும், சோறு பிழைக்கும். கதவு மட்டும் பூட்டியே கிடக்கும். அடுத்த முறை வயர் பொசுங்கும்போது இஸ்திரிக்காரர் டீ குடிக்கப் போயிருந்தால்? கன்னத்தில் அந்த இரும்பின் சில்லிப்பு திரும்ப வந்தது.

வீட்டுக்காரரிடம் சொன்னாள். அவர் லாரி அழுக்கைக் கழுவிக்கொண்டே கேட்டார். "வாயைக் குடுத்து வாங்கிக் கட்டிக்காத. சொல்லச் சொன்னதைச் சொல்லிட்டு வா. நீயே தொடைநடுங்கி, உனக்கெதுக்கு ஊர் வம்பு?"

"தொடைநடுங்கிங்கறதாலதான் கேக்கறேன். அந்தக் கதவைப் பாத்தாலே எனக்கு மூச்சு முட்டுது."

அவர் துண்டால் முகத்தை மூடித் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் துண்டை எடுக்கவில்லை. "வேலை போச்சுன்னா சமாளிக்கறது கஷ்டம்," என்றார் துண்டுக்குள்ளிருந்து.

ஆய்வு நாளன்று பின்கதவு விரியத் திறந்து கிடந்தது. வெளியே இரும்புப் படிக்கட்டில் வெயில் விழுந்தது. அந்த வெளிச்சத்தில் தளமே வேறு இடம்போல இருந்தது. அதிகாரி ஒல்லியான பெண். தோள்பையை இறக்கி வைக்காமலே நடந்தார். இஸ்திரி மேஜையைத் தொட்டுப் பார்த்தார், புது வயரைப் பார்த்தார், கதவருகே போய் நின்றார்.

"இது வேலை நேரத்துல திறந்திருக்குமா?"

சூப்பர்வைசர் வாசிப்பக்காவை முன்னால் தள்ளாத குறை. "இவங்களையே கேளுங்க மேடம். இங்க ரொம்ப நாளா இருக்கறவங்க."

வரி தயாராக இருந்தது. முதல் பாதி தானாகவே வந்தது, ரேடியோக் குரலில்: "வேலை நேரத்துல பின்கதவு எப்பவும்..."

அங்கே விட வேண்டிய சின்ன மூச்சை விட்டாள். விட்ட மூச்சு திரும்ப வரவில்லை. அன்று தகட்டில் அழுந்தியபோது எப்படி வரவில்லையோ அப்படி. புடவைத் தலைப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"எப்பவும்?" என்றார் அதிகாரி.

"இன்னைக்குத் திறந்திருக்கு," என்றாள். அது ரேடியோக் குரல் இல்லை. கீச்சென்று, பூனைக்குட்டி கத்துவதுபோல வந்தது.

"நேத்து?"

சூப்பர்வைசர் குறுக்கே வந்தார். "கொஞ்சம் பயந்த சுபாவம் மேடம், ஆளைப் பாத்தாலே உளறும்..."

"நான் அவங்களைக் கேட்டேன்."

வாசிப்பக்கா மற்றவர்களைப் பார்த்தாள். பட்டனம்மா ஊசியில் நூல் கோக்கிறார், கோக்கிறார், கோத்துக்கொண்டே இருக்கிறார். இஸ்திரிக்காரர் ஏற்கெனவே தேய்த்த சட்டையைத் திரும்பத் தேய்க்கிறார். யாரும் நிமிரவில்லை.

"நேத்துப் பூட்டியிருந்துச்சு. முந்தாநாளும். புகை வந்த அன்னைக்கும் பூட்டியிருந்துச்சு. நாங்க எல்லாரும் இதுல வந்து முட்டிக்கிட்டு நின்னோம்." சொல்லிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பூட்டை அன்றே எடுத்துவிட வேண்டும் என்று அதிகாரி எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். கடலும் எழுந்து நிற்கவில்லை, மதகும் உடையவில்லை. மறுநாள் காலை சூப்பர்வைசர் முழுக் கண்ணையும் திறந்தார். வேலை நேரத்தில் வாசிப்பு கிடையாது. அவரவர் பங்கை அவரவர் செய்ய வேண்டும். வாசிப்பக்கா கையில் கத்தரிக்கோலைக் கொடுத்தார்கள்.

தளம் இழவு வீடுபோல இருந்தது. குகைக்குள் போன பையன் குகைக்குள்ளேயே நின்றான்.

"நல்லாத்தான் போய்க்கிட்டு இருந்துச்சு," என்றாள் மடிப்பு மேஜைக்காரி, யாரையும் பார்க்காமல். "இப்பக் கதையும் போச்சு."

வாசிப்பக்கா இரண்டாவது சட்டையிலேயே துணியை வெட்டிவிட்டாள். அதை மடியில் மறைத்தாள். இந்த வாரக் கடைசியில் கணக்கு முடித்துவிடுவார்கள் என்று உறுதியாகத் தெரிந்தது. ஒவ்வொரு முறை சூப்பர்வைசரின் செருப்புச் சத்தம் கேட்கும்போதும் கத்தரி நின்றது. சொன்னதற்காக ஒரு துளி சந்தோஷமாவது வரும் என்று நினைத்திருந்தாள். வரவில்லை. பயம்தான் இடம் மாறி உட்கார்ந்திருந்தது.

டீ இடைவேளையில் பின்கதவைத் தள்ளிப் பார்த்தாள். திறந்தது. ஆனாலும் மனம் ஆறவில்லை. இந்தப் படிக்கட்டு நிஜமாகவே தரைவரைக்கும் போகிறதா? கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். படிகளின் இடைவெளி வழியே கீழே தெரிந்தது, தலை சுற்றியது. கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினாள்.

படிக்கட்டு முடியும் இடத்தில், இரண்டு பக்கமும் சுவர் நெருக்க, ஆளுயரக் கம்பிக் கேட் ஒன்று இருந்தது. ஆய்வு நாளன்று சுவரோடு சாய்ந்து திறந்து கிடந்திருக்க வேண்டும். இப்போது சாத்தி, சங்கிலி சுற்றியிருந்தது. சங்கிலியில் அதே பூட்டு.

அவள் கேட்டைப் பிடித்து ஆட்டினாள். அசையவில்லை. மேலே ஒரு தளம் நிறையப் பெண்கள் இந்தக் குழாய்போன்ற இடத்துக்குள் இறங்கி வந்து, ஒருவர்மேல் ஒருவர் விழுந்து, இங்கே வந்து நிற்பதைப் பார்த்தாள். கதவாவது மேலே இருந்தது. இங்கே பின்னால் போகவும் வழியில்லை.

சொல்லி முடித்தாயிற்று என்றுதான் நினைத்திருந்தாள். இப்போது இன்னொரு முறை சொல்ல வேண்டும். கேட்க அதிகாரியும் இல்லை. வேலையில் மிச்சமிருக்கும் நூலிழையும் இதோடு அறுந்துவிடும். அங்கேயே, கடைசிப் படியில், புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள்.

பிறகு ஏறினாள். இறங்கியதைவிட ஏறுவது பயமாக இருந்தது. இடைவேளை முடிந்து எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள். சூப்பர்வைசர் தளத்தின் நடுவில் நின்று அவளைத்தான் பார்த்தார்.

"எங்கம்மா போயிட்டு வர்ற?"

"கீழ கேட்டைப் பூட்டியிருக்கீங்க சார்," என்றாள். குரல் உடைந்து நடுங்கியது, ஆனால் கடைசி மேஜைவரை கேட்டது. "படி வழியா இறங்கினா வெளிய போக முடியாது. எல்லாரும் மாட்டிக்குவோம்."

"உனக்கு வேற வேலை இல்லை? போய் உக்காரு."

அவள் உட்காரவில்லை. உட்காரப் பயமாக இருந்தது. நிற்கவும் பயமாக இருந்தது. நின்றாள்.

இஸ்திரிக்காரர் சுவரில் இருந்த சுவிட்சை அணைத்தார். ஆவி அடங்கும் சத்தம் நீளமாகக் கேட்டது. "நான் போய்ப் பாத்துட்டு வரேன்," என்று சொல்லிக் கதவை நோக்கி நடந்தார். அவர் முகத்திலும் ரத்தம் இல்லை.

"இருய்யா, நானும் வரேன்," என்று மடியிலிருந்த பட்டன்களைக் கொட்டிவிட்டு எழுந்தார் பட்டனம்மா. நேற்று நிமிராத தலையை இன்றும் நிமிர்த்தாமலேதான் வந்தார். வாசிப்பக்காவைத் தாண்டும்போது அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கையும் சில்லிட்டிருந்தது. "எனக்கு உயரம்னா ஆகாதுடி. நீ முன்னால போ."